நாத்தனார் அனுப்பிய மூன்று பூ விளக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் அத்தை இந்த லயத்தின் எட்டு வீட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால்வாசி கரண்ட் விஷயத்தில்தான் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்திருக்கும்.

ஹட்டனில் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு வருடம் வீட்டு வயரிங் படித்தேன். வகுப்பில் பையன்கள் நிறைய, பெண் பிள்ளை நான் ஒருத்தி. இப்போது பூண்டுலோயா பஜாரில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. முன்னால் முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு சின்ன மேசையில் நான். எரியாத லைட், உடைந்த ஹோல்டர், கருகிய சுவிட்ச் எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு லைட்டைத் திறந்து பார்த்தாலே அதை மாட்டியவருடைய குணம் தெரிந்துவிடும். அவசரக்காரர் வயரை ஒரு விரல் நீளத்துக்கு உரித்து, செம்பை முறுக்கி, மேலே டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, கடவுள் மேல் பாரத்தைப் போட்டிருப்பார். எங்கள் ஊர் ஈரத்துக்கு அந்த டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பசை விட்டுக் கையோடு கழன்று வரும். அப்போது நான் வாய்விட்டுத் திட்டுவேன். "தாயி, மாட்டுன ஆளே முன்னுக்கு நிக்கிறாரு, மெதுவா," என்பார் முதலாளி.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான். கணவர் கொழும்பில் ஒரு பேக்கரியில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து, எங்கள் இருவருடைய புகாரையும் தனித்தனியாகக் கேட்டு, இருவரிடமும் "நீங்க சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், மூன்று வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அத்தை முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். மலைக்குப் போவதை நிறுத்தினாலும் கை சும்மா இருக்காது. வீட்டில் இருக்கிற எதையாவது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். கதவு, அலுமாரி, டிவி, சாமி படம், எதுவும் தப்பாது.

லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்துதான் இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டிலிருந்து "கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று குரல் வரும். முன்பக்கம் திண்ணையாக இருந்த இஸ்தோப்பைப் பலகை வைத்து அடைத்து அத்தைக்கு ஒரு சின்னக் காம்பராவாக ஆக்கியிருந்தோம். அவருடைய கட்டில், சாமி படம், மகள் பேசுகிற போன், எல்லாம் அதற்குள்தான்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாத்தனாரிடமிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. சவர்க்காரம், பால்மா, பிஸ்கட், ஒரு தடித்த போர்வை. போர்வைக்குள் சுற்றி ஒரு விளக்கு. தங்கநிறத்தில் இரும்புத் தண்டு, அதிலிருந்து மூன்று கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஓரம் ரோசாநிறமான ஒரு கண்ணாடிப் பூ. பல்ப் பூவுக்குள் போகும். உண்மையிலேயே அழகான சாமான். அத்தை விளக்கை அப்புறம்தான் பார்த்தார். முதலில் அந்தப் போர்வையை முகத்தில் வைத்து மோந்துகொண்டார்.

அன்று இரவே மகள் போனில் சொல்லிவிட்டாள், "தீபாவளி அன்னைக்கு வீடியோ கோல் எடுப்பேன். லைட்டப் போட்டுக் காட்டணும்மா."

மறுநாள் அத்தை விளக்கை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாங்கிப் பார்த்தேன். விளக்கிலிருந்து மூன்று வயர் வந்தது: லைவுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, மூன்றாவது பச்சையும் மஞ்சளுமாய் எர்த் வயர். அத்தை காம்பராவின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது இரண்டே வயர். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த காலத்தில் பிளாஸ்டிக் ஹோல்டரில் ஒரு பல்ப் எரிந்தால் போதுமென்று இரண்டு வயர்தான் இழுத்தார்கள். பிளாஸ்டிக்குக்கு அது சரி. உடம்பெல்லாம் இரும்பாக இருக்கிற விளக்குக்கு எர்த் இல்லாமல் முடியாது. மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்துக்கொண்டு வரவேண்டும். தீபாவளி நேரம்; கடையில் மூச்சு விட முடியவில்லை; ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இத இப்படியே மாட்டினா தீபாவளிக்கு வெளக்கு எரியாது அத்தே, நீங்கதான் எரிவீங்க. தீபாவளி முடியட்டும், பாப்போம்."

அத்தை விளக்கை வாங்கி, மறுபடியும் போர்வையில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். தீபாவளிக்காக வந்த விளக்கைத் தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்குப் பசி.

இரண்டு நாளில் பீலியடியிலிருந்து செய்தி வந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அத்தை சொன்னாராம், "எம்மக அனுப்புனது அவ கண்ண உறுத்துது." எனக்குச் சுருக்கென்றது. நான் வந்த நாளிலிருந்து அந்த நாத்தனாரை என் கூடப் பிறந்தவள் மாதிரித்தான் நினைத்திருக்கிறேன். கணவருக்குப் போன் எடுத்துக் குமுறினேன். அவர், "அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றார். போனை அப்படியே கட் பண்ணினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறாகும் வர. சோறு அடுப்பில் மூடி இருக்கும். அத்தை காம்பராவுக்குள் இருப்பார். கதவுச் சீலையை இழுத்து விட்டிருப்பார். இன்னும் கோபம் தணியவில்லை, இருக்கட்டும், எனக்கு மட்டும் இல்லையா என்று நானும் இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும். அன்று மத்தியானத்திலிருந்து இடியும் மழையும். தண்ணீர் பவுசர் கவிழ்ந்தது மாதிரி பெய்து ஓய்ந்ததால் முதலாளி ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டார். நான் வழக்கத்தைவிட முந்தி வந்து சேர்ந்தேன். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. ஆனால் கூரைத் தகரத்தில் வெளிச்சம். அத்தை காம்பராவின் சுவருக்கு மேலிருந்து, ரோசாநிறமாய், தகரத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது பட்டென்று அணைந்தது.

சீலையை விலக்கினேன். அத்தை மரப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறார். தலைக்கு நேரே மூன்று பூ விளக்கு தொங்குகிறது. அவர் கையில் ஈரத்துணி. சொட்டுகிறது. கை விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

"கைய எடுங்க அத்தே!"

நான் போட்ட சத்தத்தில் எட்டு வீடும் கேட்டிருக்கும். அத்தை திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நல்ல வேளை, விழவில்லை. கீழே இறங்கி, பிடிபட்ட ஆள் மாதிரி இல்லாமல், நிமிர்ந்து நின்றார்.

"சுவிட்ச அணைச்சுட்டுத்தான் தொடைக்கிறேன். நீதானே சொல்லிக் குடுத்த, லைட்டத் தொடுறதுன்னா சுவிட்ச அணைக்கணும்னு."

உண்மை. நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது என்பதைச் சொல்லவில்லை.

யார் மாட்டியது என்று கேட்டேன். அத்தை சாமி படத்தைப் பார்த்தார். சரி, அது அப்புறம் என்று போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். டார்ச்சையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் ஏறினேன். டெஸ்டர் என்பது திருகாணி முடுக்கி மாதிரி ஒரு சின்னச் சாமான். கரண்ட் இருக்கிற இடத்தில் முனையை வைத்தால் அதன் பிடிக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் வரும். மெயினை இறக்கியபின் எதற்கு டெஸ்டர் என்று வகுப்பில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பழக்கம், அவ்வளவுதான். விளக்கின் இரும்புத் தண்டில் முனையை வைத்தேன்.

பொட்டு எரிந்தது.

டெஸ்டர் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கிப் போய்ச் சுவரிலிருந்த பிளக்கில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை, மெயின் ஒழுங்காக இறங்கித்தான் இருக்கிறது. திரும்ப வந்து விளக்கில் வைத்தேன். எரிந்தது. வீட்டில் கரண்டே இல்லை, சுவிட்சும் அணைந்திருக்கிறது, ஆனால் விளக்கின் உடம்பில் கரண்ட் இருக்கிறது.  டார்ச்சை மேலே அடித்தேன். விளக்கிலிருந்து போன புது வயர் எங்கள் பழைய வயரைத் தொடவே இல்லை. மரச் சட்டத்தின் மேலே ஊர்ந்து, சுவரைத் தாண்டி, அந்தத் திறந்த ஒரு முழத்தின் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் பேக்டரி லாரி ஓட்டுகிறவர். லாரியின் ஹெட்லைட்டை அவரே சரிபண்ணிக்கொள்வதால் லயத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கரண்ட்காரர்.

"அண்ணே! ஒங்க வீட்டு மெயின எறக்குங்க!" என்று சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினேன்.

"நாடகம் போய்க்கிட்டு இருக்கே தங்கச்சி," என்று பதில் வந்தது.

"நீங்க எறக்குறீங்களா, நான் வந்து எறக்கவா?"

டிவி சத்தம் நின்றது. டெஸ்டரை மறுபடி வைத்தேன். இப்போது எரியவில்லை. பிறகுதான் விளக்கில் கை வைத்தேன்.

கூரையோடு ஒட்டியிருந்த விளக்கின் இரும்புக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. அண்ணன் பச்சை வயரை ஒட்ட வெட்டி எறிந்திருந்தார். மற்ற இரண்டையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார். கிண்ணத்தை மூடும்போது லைவ் வயர் அதன் விளிம்பில் நசுங்கி, மேல்தோல் கிழிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த விளக்குக்கென்று புதிதாகப் போட்ட சுவிட்சை லைவில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தார். அப்படி வைத்தால் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு மட்டும்தான் அணையும். கரண்ட் வந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பெரியம்மா கெஞ்சுனாங்க தங்கச்சி. ஒங்க மெயின்ல கை வச்சா ஒனக்குத் தெரிஞ்சிரும்னாங்க. அதான் எங்க பக்கத்துல இருந்து எடுத்துக் குடுத்தேன். கரண்ட்தானே, ஒரு வீட்டுது இன்னொரு வீட்டுக்குக் குடுக்குறது புதுசா?"

அது புதுசில்லைதான். எங்கள் லயத்தில் கறிவேப்பிலை மாதிரி கரண்டும் சுவர் தாண்டிப் போகும். கல்யாண வீட்டுக்கு, எழவு வீட்டுக்கு, பிரித்துக் கட்டின காம்பராவுக்கு என்று எத்தனையோ வயர் அந்த இடைவெளியில் ஓடுகிறது. ஒருவர் தன் வீட்டு மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கையை வைப்பார். வயர் இன்னொரு வீட்டுடையதாக இருக்கும்.

"பச்சை வயர ஏன் வெட்டுனீங்க?"

"அது எதுக்கு? லாரியில ஒரு வயர்தான் போகும், பாடியே மத்த வயரு. இதுல ரெண்டு இருக்கு, மூணாவது எக்ஸ்ட்ரா."

"லாரி பாடியில கரண்ட் வந்தா கடிக்காது அண்ணே. இது கடிச்சா விடாது. ஒங்க வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஏன் விழல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது மழைக்கு மழை விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் அத விட்டுட்டு டைரக்டா குடுத்துட்டேன்."

கரண்ட் வழிதவறிப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்துவதற்காக இருக்கிற சாமானை, அது தன் வேலையைச் செய்ததற்காகத் தூக்கி எறிந்திருக்கிறார். நான் அவரைக் கேட்ட கேள்வி எல்லாம் இங்கே எழுத முடியாது. ஐம்பது வயது ஆள், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் விடுபட்டவர் மாதிரி நின்றார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பின்னாலிருந்து அத்தை மெதுவாகக் கேட்டார்.

"அதானா புள்ள சுள்ளு சுள்ளுன்னுச்சு?"

நான் திரும்பினேன். "எப்ப?"

"தொடைக்கிறப்ப. மாட்டி மூணு நாளாச்சு, நீ வர்றதுக்குள்ள அணைச்சிருவேன். மொத நாளு லேசா. நேத்து முழங்கை வரைக்கும் ஏறுச்சு."

"அப்புறமும் தொட்டீங்களா?"

"தூசி படியுதே."

"ஏன் அத்தே சொல்லல?"

"சொன்னா நீ கழட்டிருவியே," என்றார்.

நான் அந்தப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த பலகை. இந்தப் பெஞ்சு இல்லாமல், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒரு முறை தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கடையில் யாரோ ஒருவருடைய ஹோல்டரைத் திருகிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் மெதுவாக நழுவிப் போய்விட்டார்.

அத்தை பதறிப்போனார். "நீ ஏன் புள்ள அழுவுற? கரண்ட் அடிச்சது எனக்குத்தானே," என்று அந்த ஈரத்துணியாலேயே என் முகத்தைத் துடைக்க வந்தார். அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "மலையில கான் எதுக்கு வெட்டுறாங்க அத்தே?"

"மழைத் தண்ணி மண்ண அடிச்சுக்கிட்டுப் போகாம, அது வழிய பாத்துப் போறதுக்கு."

"இந்தப் பச்சை வயரு அந்தக் கான்தான். வெளக்கு உள்ளுக்கு எங்கயாவது கரண்ட் ஒழுகினா, அது வழியா மண்ணுக்குப் போயிரும். அந்த வேகத்துல ட்ரிப் சுவிட்சும் விழுந்துரும். கான் இல்லாட்டி, தொடுற ஆளு வழியாத்தான் மண்ணுக்குப் போகும்."

அத்தை வெட்டப்பட்ட அந்தப் பச்சை வயரின் குட்டையான முனையைப் பார்த்தார். "இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் அவனப் போய்க் கேக்குறேன்? எரிவ, சாவன்னு சொன்னா எனக்கு என்னா வெளங்கும்?" என்றார்.  நான் படித்த வருடம் முழுவதும் சொல்லிக் கொடுத்தது வயரைப் பற்றி. மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்று நான்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாள் கடை ஓடாட்டி பரவாயில்ல, போய் அத முடி தாயி," என்று அவரே வயரையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். எங்கள் மெயினை இறக்கினேன். அத்தை ஒரு முக்காலியைப் போட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டார். அது மட்டும் போதாதென்று, பக்கத்து வீட்டு அண்ணனையும் அவர் வீட்டு மெயினை இறக்கச் சொல்லி, அதற்குக் கீழே உட்காரச் சொல்லிவிட்டார். அவர் மனைவி தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தல் போட வேண்டுமென்று சுவருக்கு மேலே குரல் கொடுத்தார். "அடுப்புல வை. ஒரு நாளைக்குக் கேத்தல் இல்லாட்டி உசுரா போயிரும்? இங்க ஒரு புள்ள மேல ஏறி நிக்குது," என்றார் அத்தை. இரண்டு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்.

சுவர் தாண்டி வந்த வயரை முதலில் பிடுங்கி எறிந்தேன். போர்டிலிருந்து எர்த் வயரோடு சேர்த்து மூன்று வயரையும் புதிதாக இழுத்தேன். விளக்கின் பாரம் வயரில் தொங்கக்கூடாது என்பதால் மரச் சட்டத்தில் ஒரு கொக்கியை முறுக்கி, அதில் தொங்கவிட்டேன். பிறகு எனக்குப் பிடித்த வேலை. வயரின் தோலைக் கனெக்டருக்குள் போகிற அளவுக்கு மட்டும், ஒரு நக நீளம், உரித்தேன். செம்பு இழை ஒன்றுகூட வெளியே நிற்காமல் முறுக்கி உள்ளே விட்டு, திருகாணியை இறுக்கி, ஒவ்வொரு வயரையும் ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் வருகிற வயர் சூடேறும், என்றைக்காவது கருகும். எர்த் வயரைக் கிண்ணத்தின் உள்ளே இரும்போடு திருகாணி வைத்து அழுத்தினேன். சுவிட்சை லைவில் மாற்றினேன். மூடும்போது எந்த வயரும் விளிம்பில் சிக்காமல் விரலால் உள்ளே ஒதுக்கினேன். இவ்வளவையும் அத்தை முக்காலியில் இருந்தபடியே, எட்டி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு திருகாணிக்கும் "இறுகிருச்சா?" என்று கேட்டார்.

மெயினைப் போட்டேன். பூ மூன்றும் எரிந்தன. டெஸ்டரைத் தண்டில் வைத்தேன், பொட்டு இல்லை. என் கையை வைத்தேன், ஒன்றுமில்லை. "தொட்டுப் பாருங்க" என்றேன். மூன்று நாள் அடி வாங்கிக்கொண்டும் துடைத்தவர், இப்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, புறங்கை விரலால் ஒரு தடவை தொட்டு எடுத்தார். பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த ட்ரிப் சுவிட்சையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணன் என் முன்னால் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வயரில் கை வைக்குமுன் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

தீபாவளிக்கும் கணவருக்குப் பேக்கரியில் லீவு கிடைக்கவில்லை. அன்று காலை, எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, அத்தை போனோடு விளக்குக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். நாத்தனாரின் முகம் வந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். போனை மேலே திருப்பிக் காட்டினோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "பொட்டியில ஒடஞ்சிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேம்மா. எவ்வளவு வடிவா இருக்கு," என்றாள்.

அத்தை பெருமையாகச் சிரித்துக்கொண்டே கேட்டார், "அந்த வீட்டுலயும் இந்த மாதிரி லைட்டு இருக்கா தாயி?"

"இதவிடப் பெரிசும்மா. ஹோல்ல ஒன்னு தொங்குது, கண்ணாடி கண்ணாடியா. வெள்ளிக்கிழமை வந்தா நாந்தான் ஏணி வச்சுத் தொடைப்பேன்."

அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஈரத்துணியாலயா?"

"ஆமாம்மா. ஏன்?"

"தொடைக்கிறப்ப கையில சுள்ளுன்னா அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுவியா?"

 போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்; நிற்கவில்லை. அவள் முகம் திரையில் இருந்தது, கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருந்தாள். பிறகு சிரித்த மாதிரி, "நல்ல நாளும் அதுவுமா என்னாம்மா கேள்வி இது," என்றாள்.

"நீ சொல்லமாட்ட," என்றார் அத்தை.  "எங்க வேலைக்கு வேணாம்னுருவாங்களோன்னு வாய மூடிக்கிட்டு இருப்ப. நீ எம்வகுத்துல பொறந்தவதானே. நானே சொல்லலடி."

போனை என் கையில் திணித்தார். "இந்தா, ஒங்க அண்ணிக்கிட்ட பேசு. அவ சத்தம் போடுவா. போடட்டும், நீ கேளு."

நான் சத்தம் போடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் கரண்டைப் பற்றிப் பேசியதில்லை. அந்த வீட்டு போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சுவிட்சை மட்டும் நம்பாதே, போர்டில் அந்த விளக்கினுடையதை இறக்கச் சொல்லு, இறக்காமல் ஏறாதே என்றேன். காய்ந்த துணி, காலில் செருப்பு, இரும்பு ஏணி வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அத்தை என் தோளுக்கு மேலாக எட்டி, "காஞ்ச துணிடி," "செருப்புடி," என்று ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னார். குசினியில் வடை எண்ணெய் புகைந்தது, யாரும் எழும்பவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் சரி அண்ணி, சரி அண்ணி என்றாள்.

அத்தைக்கு அது போதவில்லை. "சுள்ளுன்னா சொல்லுவேன்" என்று அவள் வாயால் மூன்று தடவை சொன்ன பிறகுதான் போனை வைக்க விட்டார்.